துக்கம்னா அமைதியாத்தான் இருக்கணுமா? சாவு வீட்டைச் சரியாக் காட்டின படங்கள்

தண்டையார்பேட்டை தம்பி | சனி, இரவு 11.52

அம்மா போய் நாப்பது நாள் ஆவுது. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் கெளம்பிப் போனதுலேந்து ராத்திரில தூக்கம் இல்ல. படமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

போன வாரம் 'மான்செஸ்டர் பை த சீ' (2016) பாத்தேன். அதுல பேட்ரிக்னு ஒரு பையன். அப்பா செத்துட்டாரு. பனிக்காலம், மண்ணு கல்லாட்டம் உறைஞ்சு கெடக்கு, குழி தோண்ட முடியாது. அதனால பனி விடற வரைக்கும் உடம்பைக் குளிர்ப்பெட்டில வெச்சிருக்காங்க. பையன் பாட்டுக்கு ஹாக்கி ஆடறான், பேண்டு வாசிக்கறான், பொண்ணுங்களோட பேசறான். ஒண்ணுமே ஆவாத மாதிரி இருக்கான். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜைத் தொறக்கறான், மேல் அறைலேந்து உறைஞ்சு போன கோழிக்கறி பாக்கெட் கீழ விழுது. எடுத்து உள்ள தள்ளறான், கதவு மூட மாட்டேங்குது. அங்கயே மூச்சு முட்ட ஆரம்பிச்சிடுது அவனுக்கு.

நானும் அதோட நிறுத்திட்டேன். எங்க வீட்டு ஹால்ல ஒன்றரை நாள் ஐஸ் பெட்டி இருந்துச்சு. தம்பி கத்தார்லேந்து வரணும்னு வெச்சிருந்தோம். அந்த மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும், அப்பறம் நிக்கும். கண்ணாடி மேல வேர்த்து முகம் மறைஞ்சிடும். எங்க அத்தை முந்தானையால தொடச்சுத் தொடச்சு, அம்மா முகத்தைப் பாத்துக்கிட்டே ஒப்பாரி வெச்சாங்க. மோட்டார் ஓடும்போது அத்தை குரல் ஏறும். நின்னா எறங்கும். அது அத்தைக்கே தெரியாது. நான் ஒரு மூலைல உக்காந்து அதையே கேட்டுக்கிட்டு இருந்தேன். அழல. இப்ப எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ராத்திரில மோட்டார் எடுத்தா எழுந்து உக்காந்துடறேன்.

இதை எழுதக் காரணம், எழவுக்கு வந்த ஒரு நண்பர் அப்பறமா சொன்னாரு, "உங்க அத்தை ரொம்ப சீன் பண்ணாங்கல்ல?"ன்னு. கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா விமர்சனங்கள்லயும் இதையேதான் படிக்கறேன். யாரும் அழாத படம்னா நுட்பமான படம். வாய் விட்டு அழுதா மிகை நடிப்பு. அத்தை பண்ணது மிகையா? எந்தப் படத்துல உங்க வீட்டுத் துக்கத்தைப் பாத்தீங்க? சொல்லுங்க.

---

பழைய வண்ணாரப்பேட்டை | ஞாயிறு, காலை 6.10

தம்பி, ஆறுதல் சொல்ல வார்த்தை இல்லை. அம்மா ஆத்மா சாந்தியடையட்டும்.

எனக்கு அறுபத்தெட்டு வயசு. நீங்க கேட்டதும் ஞாபகம் வந்தது 'வீடு' (1988). பாலு மகேந்திரா எடுத்தது. பேத்தி கடன் வாங்கி, அலைஞ்சு திரிஞ்சு வீடு கட்டுகிறாள். அரைகுறையாக நிற்கிற அந்த வீட்டைப் பார்க்கத் தாத்தா ஒருநாள் தனியாகக் கிளம்பிப் போவார். சொக்கலிங்க பாகவதர் நடித்திருப்பார். பூசாத சுவரைத் தொட்டுத் தடவிக்கொண்டு அறை அறையாகப் போவார். வசனம் கிடையாது, இளையராஜாவின் இசை மட்டும். பிறகு அவர் இருக்க மாட்டார். சாவைப் பார்த்து நான் கலங்கவில்லை. செங்கல் மேல் போன அந்தக் கைதான் என்னைக் கலங்க வைத்தது. என் அப்பா கொருக்குப்பேட்டையில் வாங்கின இரண்டு சென்ட் நிலத்தில் அஸ்திவாரத்தோடு போய்ச் சேர்ந்தார். அவரும் சாயங்காலம் ஆனால் போய் அந்தக் கருங்கல் மேல் உட்கார்ந்துவிட்டு வருவார்.

ஆனால் தம்பி, அமைதிதான் உயர்வு என்று சொல்ல மாட்டேன். 'பதேர் பாஞ்சாலி'யைப் பாருங்கள் (1955). அமைதிக்குப் பேர்போன சத்யஜித் ரே எடுத்தது. துர்கா காய்ச்சலில் இறந்துவிட்டாள். அப்பா ஹரிஹர் வெளியூரில் இருந்ததால் அவருக்குத் தெரியாது. சந்தோஷமாகத் திரும்பி வந்து, வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். "இது துர்காவுக்கு" என்று ஒரு புடவை. அதுவரை கல் மாதிரி நின்றிருந்த அம்மா அந்தப் புடவையை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டு கதறுகிறாள். ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்கிற தந்தி வாத்தியம் ஓலமிடுகிறது, ரவிசங்கரின் இசையில்.

நன்றாகக் கவனியுங்கள். ரே அந்த அழுகையை அடக்கவில்லை, குறைக்கவும் இல்லை. மனிதத் தொண்டைக்கு எட்டாத இடத்துக்கு அதைக் கொண்டுபோனார். நம் வீட்டுப் பெண்கள் ஒப்பாரியில் செய்வதும் அதுதானே? வெறும் அழுகை போதவில்லை என்றுதானே அதற்கு ராகம் வந்தது?

(அகஸ்தியா தியேட்டரை 2020-ல் மூடியபோது கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அதுவும் ஒரு சாவு வீடு மாதிரிதான் இருந்தது எனக்கு.)

---

காசிமேட்டுக்காரி | ஞாயிறு, காலை 9.35

தம்பி, உங்க அத்தை எந்த சீனும் பண்ணல. அந்த ஃப்ரெண்டுக்கு ஒப்பாரி கேக்கத் தெரியல, அவ்ளோதான்.

ஒப்பாரி வெறும் அழுகை இல்ல. அது பேச்சு. செத்தவங்களோட பேசறது, வந்தவங்களோட பேசறது, வராதவங்களையும் விட்டு வெக்காம பேசறது. எங்க ஆயா ஒப்பாரில கணக்கு வழக்கே இருக்கும். யாரு கடன் வாங்கித் திருப்பித் தரல, யாரு ஆஸ்பத்திரிக்கு எட்டிப் பாக்கல, எல்லாம் ராகத்துல வந்துடும். நடுவுல டீ வரும், குடிப்பாங்க, புதுசா ஒருத்தர் உள்ள நுழைஞ்சா மறுபடி ஆரம்பிக்கும். பாக்கறவங்களுக்கு நடிப்பு மாதிரி தெரியும். ஆனா புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் அந்தச் சாவு அப்பதானே நடக்குது? அவங்களுக்கு அதைச் சொல்லித்தானே ஆவணும்?

இதை அப்படியே எடுத்த படம் 'ஈ.மா.யௌ.' (2018, மலையாளம், லிஜோ ஜோஸ் பெல்லிசேரி). கொச்சிப் பக்கம் செல்லானம்னு கடலோர ஊரு, எங்களைப் போலவே மாதா கோயில் சனங்க. வாவச்சன்னு ஒரு பெரியவர். என் அடக்கத்தைப் பெருசாப் பண்ணுடான்னு மகன்கிட்ட சொல்லிட்டு அன்னைக்கு ராத்திரியே செத்துடறாரு. அவரு பொண்டாட்டி பென்னம்மாவா பௌளி வல்சன் நடிச்சிருப்பாங்க. ஆளு வர வர அந்த அம்மா ஒப்பாரி மாறிக்கினே போவும். புருஷனைத் திட்டும், பெருமை பேசும், மருமகளையும் ஒரு இடி இடிக்கும். தியேட்டர்ல சிரிப்பு வந்துச்சு. எனக்கும் வந்துச்சு. அதே நேரம் கண்ணு கலங்கிச்சு. எங்க ஊட்டு எழவுலயும் அப்படித்தான்.

மகனுக்கு மட்டும் அழ நேரமே கெடைக்காது. சவப்பெட்டி, பேண்டு, பணம், சாமியாரு, மழைன்னு ஓடிக்கினே இருப்பான். கடைசில சொந்தத் தோட்டத்துலயே அப்பனுக்குக் குழி தோண்டுவான். மூத்த புள்ளையாப் பொறந்த எல்லாருக்கும் அந்த ஓட்டம் தெரியும். தம்பி, நீங்களும் அழலன்னு எழுதி இருக்கீங்க. ஐஸ் பெட்டிக்கு, பந்தலுக்கு, ஆட்டோவுக்கு எல்லாம் காசு குடுத்தது நீங்கதானே?

இன்னொண்ணு. கடலுக்குப் போயி உடம்பே திரும்பாத சாவுன்னு ஒண்ணு இருக்கு. ஒக்கி புயல் (2017) அப்ப கன்னியாகுமரில எத்தனை வீட்ல அப்படி ஆச்சு. அழறதுக்கு ஒரு முகம்கூடக் கெடைக்காது. மாசக்கணக்கா வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா திரும்பிப் பாத்துக்கினே இருப்பாங்க. அதை முழுசாச் சொன்ன தமிழ்ப் படம் ஒண்ணும் நான் இன்னும் பாக்கல. யாராவது எடுக்கணும்.

---

எடிட்டிங் டேபிள் | ஞாயிறு, மதியம் 1.20

நான் எடிட்டிங் படிக்கறேன், வியாசர்பாடி. தம்பி அண்ணாவுக்கு என் வருத்தங்கள்.

ஒரு விஷயத்துல மட்டும் மாறுபடறேன். நம்ம படங்கள்ல வர்ற அழுகையை மிகைன்னு சொல்றது அநியாயம் இல்ல. ஆனா தப்பு அழுகைல இல்ல, அதைச் சுத்திப் பண்ற வேலைலதான் இருக்கு. ஒருத்தர் அழ ஆரம்பிச்ச அடுத்த நொடி வயலின் வந்துடும். முகத்துக்குக் கிட்டப் போவோம். ஸ்லோ மோஷன். அழறவங்களைச் சுத்தி நிக்கறவங்க முகம் ஒண்ணொண்ணா வெட்டி வெட்டி வரும். ஒரே உணர்ச்சியை ஆறு பேர் ஆறு தடவை சொல்றாங்க. பாக்கறவனுக்குன்னு எதுவும் மிஞ்சறதில்ல.

'நாயகன்' (1987) எடுத்துக்கோங்க. மகன் சூர்யாவோட உடம்பைப் பாத்துட்டு வேலு நாயக்கர் அழற இடம். கமல் அங்க எழுப்பற சத்தம் அழகா இருக்காது. வாய் கோணும், மிருகம் முனகற மாதிரி இருக்கும். அதனாலதான் இத்தனை வருஷம் கழிச்சும் யாராலயும் மறக்க முடியல. சத்தம் பெருசுதான், ஆனா அது நம்மகிட்ட கண்ணீர் கேக்கல. ஒரு மனுஷன் நாம பாக்கறதே தெரியாம அழறான்.

எதிர்ப் பக்கத்துக்கு கீஷ்லோவ்ஸ்கியோட 'த்ரீ கலர்ஸ்: ப்ளூ' (1993). ஜூலிக்குப் புருஷனும் பொண்ணும் கார் விபத்துல போயிடறாங்க. அவ அழறதில்ல. தெருவுல நடக்கும்போது கல் சுவத்துல விரல் முட்டியைத் தேய்ச்சுக்கிட்டே போவா, தோல் கிழியற வரைக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி வேற ஒண்ணு. வீட்டு வேலை செய்யற அம்மா சமையலறைல நின்னு அழுதுக்கிட்டு இருப்பாங்க. ஏன் அழறேன்னு ஜூலி கேப்பா. நீங்க அழலையே, அதான்னு அந்த அம்மா சொல்லும்.

மேல காசிமேட்டு அக்கா எழுதினதைப் படிச்சதும் இதுதான் ஞாபகம் வந்துச்சு. பிரெஞ்சுப் படத்துலயும் நம்ம எழவு வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு. யாரால முடியலையோ அவங்களுக்காக இன்னொருத்தர் அழறது.

---

தண்டையார்பேட்டை தம்பி | ஞாயிறு, மாலை 4.05

எல்லாருக்கும் நன்றி. ஐயா, அக்கா, தம்பி, மூணு பேர் எழுதினதையும் ரெண்டு தடவை படிச்சேன்.

அக்கா, ஆமா. எல்லாத்துக்கும் நான்தான் காசு குடுத்தேன். சட்டைப் பைல சில்லறை இருக்கான்னு பாத்துக்கிட்டே இருந்தேன் ரெண்டு நாளும்.

எடிட்டிங் தம்பி சொன்ன 'நீங்க அழலையே, அதான்' மண்டைலயே ஓடிக்கிட்டு இருக்கு. அத்தை ஒப்பாரில ரெண்டு வரி எனக்கு மறக்கல. அம்மாவை அண்ணின்னுதான் கூப்புடுவாங்க.

மஞ்ச அரைச்ச கல்லு இன்னும் காயலியே அண்ணி, நீ
மடிச்சு வெச்ச புடவ மடிப்புக் கலையலியே.

அது எங்க யாருக்காகச் சொன்னதுன்னு இப்பதான் யோசிக்கறேன்.

நம்ம ஏரியா படம்னா 'மெட்ராஸ்' (2014). அன்பு செத்ததுக்கப்பறம் மேரி அழறது. ரித்விகா அதுல அழகாத் தெரியணும்னு ஒரு நொடிகூட நெனைக்கல. எங்க தெருவுல புருஷனைப் பறிகுடுத்த பொண்ணுங்க அப்படித்தான் அழுதிருக்காங்க. அந்த வருஷம் துணை நடிகைக்கான ஃபிலிம்பேர் விருது அவங்களுக்குக் கெடைச்சப்ப சொந்தக்காரங்க ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

---

டோலக் | ஞாயிறு, இரவு 8.48

அண்ணே, நான் மூலக்கொத்தளம். பத்து வருசமா சாவுக்கு கானா பாடற செட்ல டோலக் அடிக்கறேன். இந்தப் பேச்சுல எங்களுக்கும் ஒரு எடம் இருக்குன்னு வந்தேன்.

மெட்ராஸ் படத்துல கானா பாலா அண்ணன் பாடின 'இறந்திடவா' வந்தப்ப எங்க செட்டு மொத்தமும் தியேட்டர்ல எழுந்து நின்னுச்சு. ஏன்னா சினிமால கானான்னா குத்தாட்டம், டீக்கடை, காதல் தோல்வி. அது சாவு வீட்லயும் வாழுதுன்னு காட்னவங்க கம்மி.

நாங்க போனதும் மொதல்ல வீட்டுக்காரங்ககிட்ட உக்காந்து கேப்போம். பேரு இன்னா, எங்க வேல செஞ்சாரு, எந்தத் தெருவுல பொறந்தாரு, புள்ளைங்க எத்தினி, பேரப்புள்ள பேரு இன்னா, அவருக்கு இன்னா புடிக்கும். ஹார்பர்ல மூட்டை தூக்கினவரா, பின்னி மில்லுல இருந்தவரா, எல்லாம் பாட்டுக்குள்ள வரணும். ஒரு பேரு விட்டுப் போச்சுன்னா வீட்ல சண்டையே வந்துரும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடிய விடியப் போவும். நடுராத்திரிக்கு மேல கூட்டம் கலைஞ்சிடும், அப்பதான் உண்மையான சொந்தம் உக்காந்திருக்கும். அந்த நேரத்துல அவரு வாழ்ந்த கூத்தையெல்லாம் பாடினா சிரிப்பாங்க. சிரிச்சுக்கினே இருந்தவன் தொபுக்கடீர்னு கீழ உக்காந்து அழுவான். அந்த எடம் எப்ப வரும்னு எங்களுக்குத் தெரியும். அப்ப டோலக்க நிறுத்தக் கூடாது. நிறுத்துனா அவன் வெக்கப்பட்டு எழுந்துடுவான். மெல்லமா அடிச்சுக்கினே இருக்கணும். அந்தச் சத்தத்துக்குள்ள அவன் அழுவட்டும்.

எடிட்டர் தம்பி, வயலினப் பத்தி சொன்னீங்களே. மியூசிக் வர்றது தப்பில்லப்பா. அழறவனுக்கு மறைப்பா இருக்கறதுக்கு வருதா, இல்ல பாக்கறவன அழ வெக்கறதுக்கு வருதா, அதான் பாக்கணும்.

---

எடிட்டிங் டேபிள் | ஞாயிறு, இரவு 9.15

டோலக் அண்ணா, கடைசி வரியை நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டேன். நாலு வருஷ வகுப்புல இதை யாரும் சொல்லித் தரல.

---

பெரம்பூர் லோகோ | ஞாயிறு, இரவு 10.30

எல்லாரும் அழுகையைப் பத்திப் பேசறீங்க. எனக்கு சாவு வீட்டுப் பசியைப் பத்திச் சொல்லணும்.

என் அப்பா எறந்த அன்னைக்கு மதியம் எனக்கு அப்படி ஒரு பசி. அடுப்பு பத்த வெக்க மாட்டாங்க இல்லையா, எதிர்வீட்லேந்து சாம்பார் சாதம் வந்துச்சு. மூணு தடவை வாங்கிச் சாப்ட்டேன். பல வருஷம் அதை யார்கிட்டயும் சொல்லல. அப்பன் செத்த அன்னைக்கு வயிறு முட்டத் தின்னவன்னு எனக்குள்ளயே ஒரு குத்தம்.

'ஏலே' (2021) பாத்தப்பதான் அது கொஞ்சம் எறங்குச்சு. ஹலிதா ஷமீம் படம். ஐஸ் விக்கற அப்பா செத்துட்டாருன்னு ஊருக்கு வர்ற மகனுக்கு அழுகையே வராது. ஊரே அவன் எப்ப அழுவான்னு பாக்கும். அப்பறம் 'வாழை' (2024). அக்காவைப் பறிகுடுத்த வீட்ல அந்தப் பையன் பசி தாங்காம சோத்துல கை வெக்கறான். மாரி செல்வராஜ் தன் சின்ன வயசுல பாத்த விபத்தை வெச்சு எடுத்தது. துக்கமும் பசியும் ஒரே உடம்புலதான் இருக்குன்னு காட்ட எவ்ளோ தைரியம் வேணும். தியேட்டர்ல நான் தலை நிமிரல.

---

பழைய வண்ணாரப்பேட்டை | திங்கள், காலை 5.55

லோகோ சாருக்கு: அந்தச் சாம்பார் சாதம் குற்றம் இல்லை ஐயா. எதிர்வீட்டுக்காரர் அதற்காகத்தான் சமைத்துக் கொடுத்தார்.

---

எடிட்டிங் டேபிள் | திங்கள், மதியம் 2.10

'வடசென்னை' (2018) பத்தி யாரும் சொல்லல. ராஜன் கொலைக்கப்பறம் அவன் பொண்டாட்டி சந்திரா அழுது தீத்துட்டு ஒதுங்கல. கொன்னவங்களுக்கு நடுவுலயே, குணாவுக்கே மனைவியா உக்காந்துடறா. வருஷக்கணக்கா. ஆண்ட்ரியா முகத்துல எதுவும் அசையாது. அந்த அசையாத முகம்தான் துக்கம்னு எனக்குத் தோணுது.

ஆனா ஒரு கேள்வியும் இருக்கு. நம்ம படங்கள்ல ஒருத்தர் செத்தா உடனே பழிவாங்கல் ஆரம்பிச்சுடுது. பாடை தூக்கறதுக்குள்ள கத்தி எடுத்துடறாங்க. கதைக்கு அது வசதி. ஆனா மாரடைப்புல, கேன்சர்ல, வயசாகிப் போறவங்களுக்காக யாரைப் போய் வெட்டறது? எதிரி இல்லாத சாவுல மிச்சம் இருக்கறவங்க என்ன பண்ணுவாங்கன்னு காட்ட நம்மகிட்ட பழக்கமே இல்ல.

---

காசிமேட்டுக்காரி | திங்கள், மாலை 6.40

சரியாச் சொன்ன தம்பி. நம்ம சினிமா பதினாறாம் நாளைத் தாண்டறதே இல்ல.

அதுக்கு மேலதான எல்லாமே இருக்கு. ரேஷன் கார்டுல பேர் எடுக்கணும். கேஸ் கனெக்‌ஷன் பேர் மாத்தணும். ஆறு மாசம் கழிச்சு அவருக்கு எல்ஐசிலேந்து பொறந்தநாள் வாழ்த்து வரும். எங்க வூட்டுக்காரர் போன் நம்பரை நான் ரெண்டு வருசம் ரீசார்ஜ் பண்ணேன். கூப்புட்டா ஒரு மூலைல அடிக்கும், அதுக்கு. புள்ளைங்க கேக்கல, எனக்கும் சொல்லத் தோணல. இதையெல்லாம் யாராவது ஒரு படம் எடுங்க. சாவை நீங்க காட்டக்கூட வேணாம்.

---

டோலக் | திங்கள், இரவு 7.05

அக்கா. படிச்சேன்.

---

தண்டையார்பேட்டை தம்பி | புதன், இரவு 12.20

நேத்து அத்தை வந்திருந்தாங்க. ஐயா சொன்ன பதேர் பாஞ்சாலியை டிவில போட்டேன். வங்காளம் அத்தைக்குப் புரியாது, நான் பக்கத்துல உக்காந்து கதையைச் சொல்லிக்கிட்டே வந்தேன். மழைல பொண்ணு நனைஞ்சதுமே அத்தை சொல்லிட்டாங்க, "இது தங்காதுடா"ன்னு.

அப்பா திரும்பி வர்ற இடத்துல நான் பேச்சை நிறுத்திட்டேன். படத்தைப் பாக்காம அத்தையைப் பாத்தேன். அந்த அம்மா புடவையை வாங்கி முகத்துல வெச்சதும் தார் ஷெனாய் வந்துச்சு. அத்தை முந்தானையை வாய்ல வெச்சுக்கிட்டாங்க. "எப்பிடி அழுவுறா பாரு"ன்னாங்க. அந்த அம்மா குரல் ஒரு துளிகூட அதுல இல்லன்னு நான் சொல்லல. அத்தைக்குக் கேட்டுச்சு.

படம் முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சு, கெளம்பும்போது செருப்பு மாட்டிக்கிட்டே கேட்டாங்க:

"அந்தப் புடவைய அப்பறம் இன்னாடா பண்ணாங்க?"

நான் பதில் சொல்லல. அம்மா ஆடித் தள்ளுபடில எம்.சி. ரோட்ல தீபாவளிக்குன்னு எடுத்தது ஒண்ணு பீரோல இருக்கு. மேல் தட்டுல, பில்லோட. அத்தை வாசப்படி எறங்கினதும் போய்க் கதவைத் தொறந்து பாத்தேன். அங்கயே தரைல உக்காந்துட்டேன். ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு.